அரியர் வச்ச சுப்பாராவ்

மெட்ரிக்குலேஷன்ல ரெண்டு தடவை ஃபெயில், மூணாவது தடவைதான் பாஸ். அரியர் வச்சிருக்கிற மக்களே, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. இது எல்லாபிரகாட சுப்பாராவ் கதை.

1895ல் பீமவரத்தில் பிறந்தவர். அப்போ அது மெட்ராஸ் மாகாணம். பிரசிடென்சி காலேஜ், அப்புறம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். காந்தி பேச்சைக் கேட்டு கதர் உடுத்தியதில் ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்கல, அதுக்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கையில் வந்தது. கூடப் பிறந்த ரெண்டு பேரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய் கொண்டுபோனது. 1923ல் பாஸ்டன் போய், ராத்திரியில் ஆஸ்பத்திரி வேலை பார்த்துக்கிட்டே ஹார்வர்டில் படிச்சார். ஏடிபி கண்டுபிடிப்பில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனா அங்கே நிரந்தர வேலை தரல. 1940ல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போயிட்டார்.

அங்கே அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையா தயாரிச்சது. ரத்தசோகைக்கும் ஸ்ப்ரூவுக்கும் நல்ல மருந்து. ரத்தப் புற்றுநோய்க்கும் உதவுமான்னு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் அந்த வகைச் சேர்மங்களைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமா ஏறிடுச்சு! யோசிச்சாலே பதறுது. ஆனா அந்தத் தோல்வியில்தான் விஷயமே இருந்தது. ஃபோலிக் அமிலம் புற்றணுவுக்குத் தீனின்னா, அதே மாதிரி இருக்கிற ஒரு டூப்ளிகேட்டைக் கொடுத்து ஏமாத்தலாமே?

சுப்பாராவ் குழு செஞ்ச டூப்ளிகேட்தான் அமினோப்டெரின். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிஞ்சது. ஆனா சில மாசத்தில் திரும்பி வந்தது. விலையும் கொஞ்சமில்ல: வாய், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாத்துக்கும் அதே ஃபோலிக் அமிலம்தான் வேணும், அதனால வாயெல்லாம் புண். குணமாக்கிற அளவுக்கும் கெடுக்கிற அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் கம்மி. இன்னைக்கு மாதிரி கட்டம் கட்டமான பாதுகாப்புச் சோதனை முறை எதுவும் அப்போ கிடையாது; நோயாளி உடம்பிலேயேதான் அளவைக் கத்துக்கிட்டாங்க. அதனால்தான் நச்சு கொஞ்சம் குறைவான இன்னொரு டூப்ளிகேட், மெத்தோட்ரெக்சேட், அதோட இடத்தைப் பிடிச்சது. இப்போ ரத்த எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்துத்தான் கொடுக்கிறாங்க. டோஸ் அதிகமானா, பின்னாடியே முறிவு மருந்தா ஃபோலினிக் அமிலம். அதுவும் அதே விட்டமின் குடும்பம்தான்!

ஃபார்பரின் கட்டுரை வந்தது 1948 ஜூனில். எழுதியவர்கள் வரிசையில் சுப்பாராவ் பேர் இல்லை. ஆகஸ்டில் மாரடைப்பில் இறந்துட்டார், வயசு 53.