மூன்று முறை தட்டப்பட்ட கதவு



சிதம்பரத்திலோ கடலூரிலோ சென்னைக்கு ரயில் ஏறினால், விழுப்புரம் தாண்டித் திண்டிவனம் ஸ்டேஷன் வரும். நம்மில் அநேகர் தூங்கிக்கொண்டே அந்த ஸ்டேஷனைக் கடந்திருப்போம். ஆனால் அந்த ஊரில் ஒரு ராத்திரி, ஒரு வாலிபப் பெண்ணைத் தேவன் தூங்க விடவில்லை. அன்றைக்குத் திண்டிவனம், கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. 1993ல்தான் அந்த ஜில்லா இரண்டாகப் பிரிந்தது. ஆகவே இது நம்ம ஜில்லாவிலே நடந்த காரியம். வியாதி முற்றி உள்ளூர் டாக்டர் கையை விரித்துவிட்டால், வேலூருக்குக் கொண்டு போங்கள் என்று நம்ம ஜனங்கள் சொல்வார்களே, அந்த வேலூர் ஆஸ்பத்திரி உண்டானதற்கு இந்த ராத்திரிதான் ஆரம்பம்.

அந்தப் பெண்ணின் பெயர் ஐடா ஸ்கடர். 1870ஆம் வருஷம் டிசம்பர் மாதம் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர், 1819ல் அமெரிக்காவை விட்டுக் கப்பலேறி, முதலில் இலங்கையிலும் பிறகு சென்னையிலும் ஊழியம் செய்த வைத்திய மிஷனெரி. அவருடைய ஏழு குமாரர்களும் இந்தியாவிலே மிஷனெரிகளானார்கள். அதில் ஒருவர் ஐடாவின் தகப்பனார். அவரும் வைத்தியர். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவளுக்கு ஊழிய வாஞ்சை தானாக வந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் 1877ஆம் வருஷத்துப் பஞ்சத்தைக் கண்ணாலே பார்த்தாள். ரொட்டித் துண்டைக் கையில் கொடுத்தால் வாய்க்குக் கொண்டுபோகவும் பெலனில்லாத பிள்ளைகளுக்கு, அந்தச் சிறுமியே ஊட்டிவிட வேண்டியிருந்தது. அந்தக் காட்சி அவள் மனசை விட்டுப் போகவேயில்லை. பிறகு அமெரிக்காவுக்குப் போனார்கள். சில வருஷங்களில் பெற்றோர் ஊழியத்துக்காக இந்தியா திரும்பிவிட, ஐடா உறவினர் வீட்டில் தங்கினாள். பிரசங்கியார் மூடி ஸ்தாபித்த நார்த்ஃபீல்ட் பள்ளியில் படித்தாள். மிஷனெரி வேலை மட்டும் எனக்கு வேண்டவே வேண்டாம், அமெரிக்காவிலே கல்யாணம் பண்ணிக்கொண்டு சௌக்கியமாக இருப்பேன் என்பதுதான் அவளுடைய தீர்மானம்.

1890ல் தாயாருக்குச் சுகமில்லை என்று செய்தி வந்ததால் திண்டிவனத்துக்கு வந்தாள். கொஞ்ச காலம் அம்மாவைப் பார்த்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். அப்பொழுதுதான் அந்த ராத்திரி வந்தது.

கதவு தட்டுகிற சத்தம். ஒரு பிராமண வாலிபர் நிற்கிறார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை, நீங்கள் வாருங்கள் அம்மா என்று கெஞ்சுகிறார். வைத்தியர் நானில்லை, என் தகப்பனார்தான், அவரைக் கூட்டிப்போங்கள் என்றாள் ஐடா. அவர் சம்மதிக்கவில்லை. அந்நிய ஆண் தன் மனைவியைத் தொட்டுப் பார்ப்பது அவர்கள் முறைமைக்கு அடுத்ததல்ல. துக்கத்தோடு திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கதவு தட்டினது. இந்த முறை ஒரு முஸ்லிம். அதே வேதனை, அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவது முறையும் தட்டினது. வந்தவர் இன்னொரு உயர்ஜாதி இந்து. அவருக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

விடிகிறவரை அவளுக்குத் தூக்கமில்லை. காலையில் தெருவில் சாவு மேளம் கேட்டது. பயந்துபோய் ஆளனுப்பி விசாரித்தாள். மூன்று பெண்களும் மரித்துப்போனார்கள் என்று செய்தி வந்தது.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்போம். அந்த ராத்திரி ஐடா பொய் சொல்லவில்லை. அவளுக்கு வைத்தியம் தெரியாது. போயிருந்தாலும் அந்தப் பெண்கள் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. மோசே தன் திக்குவாயைச் சொன்னான், எரேமியா தன் சிறுவயதைச் சொன்னான். அவர்களும் இல்லாததைச் சொல்லவில்லை. நாம் சொல்கிற சாக்குகளிலும் பாதி உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, மறுநாள் நிம்மதியாகச் சாப்பிட உட்காருகிறோமே, அங்கேதான் நாம் தவறிப்போகிறோம். ஐடாவால் அப்படி உட்கார முடியவில்லை. சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் ராத்திரியில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது போலத் தன்னையும் கூப்பிட்டார் என்று உணர்ந்தாள். அறைக்குள் போய் ஜெபித்தாள், அழுதாள். பிறகு பெற்றோரிடம் வந்து, அமெரிக்காவுக்குப் போய் வைத்தியம் படித்து, இந்த ஜனங்களுக்காகவே திரும்பி வருவேன் என்று அறிவித்தாள்.

அறிவித்தது ஒரு நாள். நிறைவேற வருஷக்கணக்காயிற்று. பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வமாயிருந்த காலம் அது. பிலடெல்பியாவில் பெண்கள் வைத்தியக் கல்லூரியிலும், பிறகு நியூயார்க்கில் கார்னெல் வைத்தியக் கல்லூரியிலும் படித்து, 1899ல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்டப் பணம் சேர்க்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. ஷெல் என்ற வங்கிக்காரர் மரித்துப்போன தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். ஸ்தோத்திரம்!

1900ஆம் வருஷம் ஜனவரியில், சிநேகிதி ஆனி ஹான்காக்கோடு இந்தியா வந்து சேர்ந்தார். தகப்பனாரோடு இருந்து தொழில் பழகலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் அதே வருஷம் மே மாதம் தகப்பனார் புற்றுநோயால் நித்திரையடைந்தார். அனுபவமில்லாத வாலிப டாக்டர், பக்கத்தில் கைகொடுக்க மூத்த வைத்தியர் இல்லை, ஜனங்களுக்கோ நம்பிக்கை இல்லை. திண்டிவனத்தில் இருந்த பயம் இங்கேயும் கூடவே வந்திருக்குமல்லவா? ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. பங்களாவிலே ஒரு சின்ன அறையைத் திறந்தார். ஒரே ஒரு படுக்கை. உதவிக்குச் சலோமி என்ற சகோதரி. தயங்கித் தயங்கி வந்த ஜனங்கள் பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1902ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களை என்ன பண்ணுவது? அவரே தேடிப் போனார். குடியாத்தம் போகிற சாலையில் மரநிழலில் வண்டியை நிறுத்தி, காத்திருக்கிற வியாதியஸ்தரைப் பார்ப்பார். தான் ஒருத்தி எத்தனை பேரைத்தான் பார்க்க முடியும் என்று கண்டு, 1909ல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளியையும், 1918ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியையும் ஆரம்பித்தார். ஆறு பேர் மனுப் போட்டாலே அதிசயம் என்று அரசாங்கத்து வைத்திய அதிகாரி நினைத்தார். வந்த மனுக்கள் 151! அந்த முதல் வகுப்பிலிருந்து 1922ல் 14 பெண்கள் வைத்தியர்களாகத் தேறி வெளியே வந்தார்கள். மூன்று வீடுகளுக்குப் போக ஒரு பெண் டாக்டர் இல்லாத தேசத்தில் ஒரே பள்ளியிலிருந்து 14 பேர்!

பிறகும் சோதனை வந்தது. 1930களின் கடைசியில், டிப்ளமா படிப்பு இனிச் செல்லாது, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக உயர்த்த வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதற்கு ஏராளமான பணமும் பேராசிரியர்களும் வேண்டும். வயதோ எழுபதைத் தொடுகிறது. நான் செய்தது போதும் என்று சொல்லியிருந்தால் யார் குற்றம் சொல்வார்கள்? ஆனால் அம்மையார் 1941ல், யுத்த காலத்திலே, அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகச் சபைகளில் கேட்டார். 1942ல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது. 1947ல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1960ஆம் வருஷம் மே மாதம் கொடைக்கானலில், 89ஆம் வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஒரு படுக்கையில் ஆரம்பித்த ஊழியத்தில் இன்று 2,000க்கு மேற்பட்ட படுக்கைகள் உண்டு.

தேவ பிள்ளைகளே, கன்வென்ஷன் கூட்டத்தில் கண்ணீரோடு கை உயர்த்துகிறோம். திங்கட்கிழமை வந்தால் மறந்துவிடுகிறோம். ஐடாவின் கண்ணீர் ஒரு ராத்திரியோடு காய்ந்திருந்தால், அந்த மூன்று பெண்களோடு இன்னும் எத்தனையோ பெண்கள் மாண்டுபோயிருப்பார்கள். தெரியாததைக் கற்றுக்கொள்ள அவர் தன் வாலிபத்தையே கொடுத்தார். கீழ்ப்படிதல் என்றால் அதுதான்.

உங்கள் கதவை யார் தட்டுகிறார்கள்? ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாமல் படுத்திருக்கிற பக்கத்து வீட்டு அம்மாவா? குடியால் சீரழிகிற குடும்பத்துப் பிள்ளைகளா? படிப்பில்லாமல் மனுக்கூட எழுதத் தெரியாத தாயா? அவர்கள் நம்ம ஜாதியா, நம்ம சபையா என்று பார்க்காதீர்கள். திண்டிவனத்தில் கதவைத் தட்டின மூவரில் ஒருவரும் கிறிஸ்தவரல்ல. எனக்குப் பயமாயிருக்கிறது என்று ஆண்டவரிடம் தாராளமாகச் சொல்லுங்கள், அவர் கோபப்பட மாட்டார். தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த முறை திண்டிவனம் ஸ்டேஷன் வரும்போது மட்டும் தூங்கிவிடாமல், அந்த மூன்று தட்டல்களை நினைத்து, ஆண்டவரே, என் கதவையும் தட்டும் என்று ஒரு நிமிஷம் ஜெபியுங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.