வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டட்

வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டட் (செப்டம்பர் 23, 1852 – செப்டம்பர் 7, 1922) புகழ்பெற்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ஆவார். மார்பகப் புற்றுநோய்க்கான முழுமையான அறுவை முறையை வகுத்தவர்களுள் இவர் முதன்மையானவர். அறுவைக்குப் பின் உடலில் எஞ்சி நிற்கும் புற்றை எவ்வாறு ஒழிப்பது என்பது இவரது மார்பக அறுவைப் பணியின் முக்கியக் கேள்வி. அவ்வெச்சத்தைத் தேட இன்று எம்.ஆர்.ஐ. எனும் காந்த ஒத்ததிர்வுப் படிமம் பயன்படுகிறது.

வாழ்க்கை

நியூயார்க்கில் பிறந்த ஹால்ஸ்டட், யேல் கல்லூரியில் பயின்று 1877 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ஐரோப்பா சென்று வியன்னா முதலிய நகரங்களின் அறுவைக்கூடங்களில் பயிற்சி பெற்றார். 1884 இல் கொக்கெயின் உறுப்புகளை மரத்துப்போகச் செய்வது தெரியவந்தது. அதை நரம்பருகே செலுத்தும் முறையைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்த இவர், அதற்கு அடிமையானார். சிகிச்சையின்போது தரப்பட்ட மார்ஃபின் பழக்கம் வாழ்நாள் முழுதும் நீடித்தது.

1889 இல் திறக்கப்பட்ட பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இவர் அறுவைத்துறைத் தலைவரானார். கிருமிநீக்கி மருந்தால் கை புண்ணான செவிலியர் கரோலின் ஹாம்ப்டனுக்காக மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். 1890 இல் அவரையே மணந்தார். நோய்த்தொற்றைத் தடுக்கக் கையுறை அணியும் வழக்கம் அதன் பின்னரே பரவியது.

1919 இல் ஹால்ஸ்டட்டின் பித்தப்பை அகற்றப்பட்டது. பித்தநாளத்தில் இருந்த கல்லுக்காக 1922 இல் மீண்டும் அறுவை செய்யப்பட்டது. அதைத் தொடர்ந்த சிக்கல்களால் காலமானார்.

மார்பக அறுவை

அக்காலத்தில் கட்டியை அகற்றிய இடத்திலேயே புற்று மீண்டும் முளைப்பது மிகச் சாதாரணம். ஐரோப்பாவின் பெயர்பெற்ற அறுவைக்கூடங்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு இவ்வாறு நேர்ந்தது. புற்று, கட்டியிலிருந்து நிணநீர் வழியே படிப்படியாகப் பரவுகிறது என ஹால்ஸ்டட் கருதினார். எனவே மார்பகம், பெரிய மார்புத் தசை, அக்குள் நிணநீர்க் கணுக்கள் அனைத்தையும் ஒரே துண்டாக அகற்றினார். 1894 இல் இவர் வெளியிட்ட 50 நோயாளிகளின் விவரத்தில், மூவருக்கே அதே இடத்தில் நோய் திரும்பியிருந்தது. இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் பலரை நெடுங்காலம் கண்காணித்திருக்கவில்லை. அதே இடத்தில் நோய் திரும்பாமை உயிர்பிழைத்தலுக்கு ஈடாகாது. தோள் அசைவு குன்றுதல், கை வீக்கம் ஆகியவற்றைப் பெண்கள் தாங்க வேண்டியிருந்தது.

பிற்கால ஆய்வுகள்

இம்முறை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கோலோச்சியது. பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1971 இல் தொடங்கிய ஆய்வு, தசையை அகற்றுவதால் கூடுதல் ஆயுள் கிடைக்கவில்லை எனக் காட்டியது. 1976 இல் தொடங்கிய மற்றோர் ஆய்வில் சிலருக்குக் கட்டி மட்டும் அகற்றப்பட்டது. வெட்டிய விளிம்பில் புற்று தென்படாதவர்களிலும், 20 ஆண்டுகளில் 39.2% பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் இது 14.3% மட்டுமே. உயிர்பிழைத்தலில் வேறுபாடில்லை. கண்ணுக்குப் புலப்படாத எச்சம் குறித்த ஹால்ஸ்டட்டின் அச்சம் மெய். அதற்குக் கண்ட தீர்வே அளவு கடந்தது எனலாம்.

எம்.ஆர்.ஐ. படிமம்

அகற்றிய திசுவின் ஓரங்களுக்கு மை பூசி நுண்நோக்கியில் காண்பர். மை பட்ட ஓரத்தில் புற்றணு இருப்பின், மார்பில் மீதம் இருக்கலாம். அறுவைக் குழியில் தேங்கும் நீரும் வீக்கமும் எக்சுக்கதிர்ப் படத்தை மறைப்பதால், மறு அறுவைக்கு முன் சிலருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப்படுகிறது. நரம்பில் கடோலினியம் மருந்து செலுத்தப்பட்டதும், புதிய இரத்தக் குழாய்கள் மிகுந்த புற்றுத்திசு அதை விரைவாக ஏற்று ஒளிர்கிறது. ஆனால் ஆறிவரும் புண்ணின் திசுவும் ஒளிரும். குழியைச் சுற்றி மெல்லிய சீரான வளையமாக ஒளிர்வது பெரும்பாலும் புண் ஆறுவதன் அடையாளம். தடித்த, முடிச்சு போன்ற ஒளிர்வு ஐயத்துக்குரியது. மிகச் சிறிய எச்சம் படத்தில் விழாமலும் போகலாம். ஆகவே படம் தெளிவாக இருப்பினும், விளிம்பில் புற்றிருந்தால் மறு அறுவை பொதுவாகக் கைவிடப்படுவதில்லை.