ஸர் பிரான்ஸிஸ் கால்ட்டன்

மக்களின் அறிவும் குணமும் பிறப்பினால் அமைவனவோ, வளர்ப்பினால் அமைவனவோ என்னும் வினா மிகப் பழையது. அதனை எண்ணியும் அளந்தும் ஆராயத்தக்க பொருளாக்கியவர் கால்ட்டன் என்னும் ஆங்கிலேயர். இவர் 1822-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 16-ஆம் நாள் பர்மிங்ஹாம் நகரை அடுத்துப் பிறந்தார். தந்தையார் வங்கி நடத்திய பெருஞ்செல்வர். தாயைப் பெற்ற பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் என்னும் புகழ்வாய்ந்த மருத்துவர். சார்லஸ் டார்வினும் அப்பாட்டனாரின் மூத்த மனைவி வழிப் பேரரே.

முதுகெலும்புக் கோளாற்றினால் படுக்கையிற் கிடந்த அடீல் என்னும் தமக்கையார் இக்குழந்தைக்குத் தாமே எழுத்தறிவித்தார். அதன்பொருட்டு லத்தீன் மொழியையும் தாம் கற்றார். ஐந்து வயது நிரம்புமுன்னரே பிரான்ஸிஸ் ஆங்கில நூல்களைத் தடையின்றிப் படித்தார்.

இளமையில் மருத்துவம் பயின்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றார். உடல்நலம் குன்றியமையால் ஆனர்ஸ் பட்டம் பெறாமலே 1844-இல் வெளியேறினார். எம்மனோர்க்கு இச்செய்தி ஓரளவு ஆறுதல் தருவதே! அவ்வாண்டிலேயே தந்தையார் இறக்க, பெரும்பொருள் கைக்கு வந்தது. பிழைப்புக்கென உழைக்கும் தேவை அதன்பின் அவருக்கு நேரவில்லை. தென்மேற்கு ஆப்பிரிக்காவிற் சுற்றி, நிலநூற் கழகத்தாரின் தங்கப்பதக்கமும் பெற்றார்.

டார்வினின் நூல் 1859-இல் வெளிவந்து இவர் உள்ளத்தை மாற்றியது. நீதிபதிகள், அரசியலறிஞர், புலவர் முதலியோரின் குடிவரலாறுகளைத் தொகுத்து, மேதைமை பிறப்பின்வழி வருவதே என்று 1869-இல் ஒரு நூல் வெளியிட்டார். நீதிபதியின் மகனுக்குத் தந்தையின் குருதியோடு தந்தையின் வீடும் பள்ளியும் நண்பரும் கிடைக்கின்றன அன்றோ? அடீலின் படுக்கையருகே தாம் பெற்ற கல்வியை இவர் கணக்கிற் கொள்ளவில்லை போலும்.

ஸ்விட்ஸர்லாந்து நாட்டுத் தாவரநூலார் அல்போன்ஸ் டி காண்டோல், நாட்டின் நிலையும் சமயமும் கல்வியுமே அறிவியலாரை மிகுதியும் தோற்றுவிப்பன என்று 1873-இல் எழுதினார். இவர் தாமும் புகழ்பெற்ற தாவரநூலாரின் மைந்தர் என்பது சுவையான செய்தி. கால்ட்டன் மறுப்பைப் புறக்கணித்தாரல்லர். ராயல் சொஸைட்டி உறுப்பினர்க்கு வினாத்தாள்கள் அனுப்பினார். 1875-இல் இரட்டைப் பிள்ளைகளை ஆராயப் புகுந்தார்.

அவர்தம் பெருமைக்கெல்லாம் சிகரம் இவ்வுத்தியே என்பேன். ஒத்த இரட்டையர் வாழ்க்கை வேறுபட்டால் தாமும் வேறுபடுவரோ? ஒவ்வாத இரட்டையர் ஒரே வீட்டில் வளர்ந்தால் ஒத்துவிடுவரோ? இவற்றையே வினவினார். மிக ஒத்தவருள் முப்பத்தைந்து இணையரின் விரிவான செய்திகளையும், ஒவ்வாத இருபது இணையரின் செய்திகளையும் கொண்டு, பிறப்பே வலியது எனத் தீர்ப்புக் கூறினார். ஆனால் அவ்விரட்டையருட் பெரும்பாலோர் ஒருங்கே வளர்ந்தவர்; ஆகவே ஒப்புமை குருதியால் வந்ததோ, ஒரே வளர்ப்பால் வந்ததோ எனப் பிரித்தறிய வழியில்லை. தீர்ப்பு ஆய்வினும் விரைந்தது. குணங்களிற் பெரும்பாலன சிறுவலிமையுடைய எண்ணிறந்த மரபணுக்களாலும் சூழலாலும் சேர்ந்தே அமைவன என்றும், மரபணுவொத்த இரட்டையரும் குணத்தால் முற்றும் ஒத்திரார் என்றும் இன்று அறிகிறோம்.

1884-இல் லண்டன் கண்காட்சியொன்றில் மூன்று பென்னி பெற்று ஒன்பதினாயிரத்திற்கு மேற்பட்டோரை அளந்தார். நெடிய பெற்றோரின் மக்கள் நெடியராயினும் சராசரியை நோக்கித் தாழ்வர் என்பதை 205 பெற்றோரிணையரையும் 928 மக்களையும் கொண்டு 1886-இற் காட்டினார். ஒட்டுறவுக் கணக்கும் அவர் தந்ததே. உளநூலார் இன்றும் அதனைக் கைவிட்டிலர்.

எனினும் 1883-இல் அவர் பெயரிட்ட இனமேம்பாட்டுக் கொள்கை வேறு வழிச் சென்றது. தகுதியுடையோர் பெருகவும் தகுதியற்றோர் குறையவும் வேண்டுமென்றார். தகுதியை அளப்பவர் யாரென்னும் வினா அவரை வருத்தவில்லை. 1907-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கட்டாயக் கருத்தடைச் சட்டம் பிறந்தது. 1933-இல் ஜெர்மனி இயற்றிய சட்டத்தால் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் மகப்பேற்றை இழந்தனர். அதனைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை. ஆயினும் விதைத்தவர் பங்கு சிறிதன்று.

தமக்கு மக்களில்லாத கால்ட்டன் 1911-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் காலமானார். எஞ்சிய பொருளில் நாற்பத்தையாயிரம் பவுனை, இனமேம்பாட்டுப் பேராசிரியர் பதவி நிறுவ லண்டன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். கார்ல் பியர்ஸன் முதலில் அப்பதவி ஏற்றார். லண்டன் யூனிவர்ஸிட்டி கல்லூரியார் தம் விரிவுரை மண்டபம் ஒன்றற்கு இட்டிருந்த கால்ட்டன் பெயரை 2020-இல் நீக்கினர்.