ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டவர்: தமிழவேள் கோ. சாரங்கபாணி

பட்டமளிப்பு விழாக் காலம் வந்தால் நெகிரி செம்பிலான் தோட்டப் பிள்ளைகளின் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. உபகாரச் சம்பளம் பெற்றவர், முதல் வகுப்பில் தேறியவர், மேற்படிப்புக்கு விருது பெற்றவர் என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. பெற்றோர் முகத்தில் பூரிப்பு. எழுபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. மலாயாவில் இருந்த ஒரே பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் உண்டா என்பதே அப்போது கேள்வியாக இருந்தது. அந்த இடத்தைக் கேட்டுப் பெற்றவர்களில் முன்னால் நின்றவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி.

1903ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தவர் அவர். 1924இல், இருபத்தொரு வயது இளைஞராகச் சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்தார். முதலில் கிடைத்தது கணக்கு எழுதும் வேலை. தமிழும் ஆங்கிலமும் சரளமாக எழுதத் தெரிந்தவருக்குப் பேரேட்டோடு நிற்க மனம் வரவில்லை. சில ஆண்டுகளில் 'முன்னேற்றம்' என்ற வார இதழின் பணிக்கு வந்தார். 1929ஆம் ஆண்டுக் கடைசியில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்தபோது எழுந்த சீர்திருத்த அலை அவரையும் இழுத்துக்கொண்டது. சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியபோது அதன் முன்னணி ஊழியர்களில் ஒருவரானார். சாதிப் பிரிவினை, கள்ளுக்குடி, கடன் வாங்கிச் செய்யும் ஆடம்பரக் கல்யாணம் ஆகியவற்றை எதிர்த்துச் சங்கம் பேசியது.

1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி 'தமிழ் முரசு' பிறந்தது. வார ஏடாக வந்த அதன் விலை ஒரு காசு. கூலிக்காரர் கையிலும் பத்திரிகை போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம். 1937ஆம் ஆண்டு முடிவதற்குள் முரசு நாளிதழாகிவிட்டது. அதே ஆண்டில் சாரங்கபாணி சீனப் பெரனாக்கான் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். மேடையில் சாதி, இன வேற்றுமை கூடாது என்று பேசியவர் தம் வீட்டிலும் அதையே கடைப்பிடித்தார்.

அந்நாளில் தோட்டத்தில் பத்திரிகை ஒரு வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. பட்டணத்துக்குப் போய் வந்தவர் கொண்டுவரும் ஒரு பிரதி, லயத்து வாசலில் எழுத்து அறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் காதுக்குப் போகும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்துப் பால்மரம் வெட்டி, வாளி சுமந்து பால் நிறுத்துவிட்டு வந்தவர்களுக்கு, வெளியுலகம் அந்தக் குரல் வழியாகத்தான் வந்தது. சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ், ரந்தாவ் என்று ரப்பர் நிறைந்த நெகிரி செம்பிலானின் தோட்டங்களுக்கும் அந்த வாழ்க்கையே வாழ்க்கை.

தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், படிக்கும் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று சொன்னது. சட்டம் இருந்ததே தவிர, பல இடங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர். ஆறாம் வகுப்போடு ஏணி நின்றுவிடும். அதற்குமேல் படிக்க ஆங்கிலப் பள்ளி, அதுவும் பட்டணத்தில். ஆகவே பெரும்பாலான பிள்ளைகள் பெற்றோர் பின்னாலேயே காட்டுக்குள் இறங்கினர். தமிழில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தத் தமிழ் அவர்களை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

ஜப்பானியர் காலத்தில் நின்றுபோன முரசு, போர் முடிந்ததும் மீண்டும் வந்தது. 1950களில் சாரங்கபாணி இந்த ஏணியைப் பற்றியே கவலைப்பட்டார். மாணவர்களுக்கென்று முரசில் 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியை ஏற்படுத்தினார். தோட்டப் பள்ளி மாணவர்களும் பட்டணத்து மாணவர்களும் அதில் கதை, கட்டுரை, கவிதை எழுதினார்கள். தம் பெயரை அச்சில் முதன்முதலாகப் பார்த்த பலர் பிற்காலத்தில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் வளர்ந்தனர். அந்தப் பகுதியில் ஒன்றுசேர்ந்த இளைஞர்கள் ஊர் ஊராக மன்றங்கள் கண்டதிலிருந்துதான் மலேசியாவின் தமிழ் இளைஞர் மணிமன்ற இயக்கம் எழுந்தது.

1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்ததும் அவரே. பொங்கலை ஒட்டி, மதம், சாதி பாராமல், தமிழர் எல்லாரும் கொண்டாட ஒரு நாள். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, கலை நிகழ்ச்சி என்று சிங்கப்பூரிலும் மலாயாவின் ஊர்களிலும் அது பரவியது.

இந்தச் சூழ்நிலையில்தான் பல்கலைக்கழகப் பிரச்சினை வந்தது. 1949இல் அமைந்த மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அதில் இந்தியப் பகுதி ஒன்றைத் திறப்பது என்று பேச்சு எழுந்தது. ஆலோசனை கூறச் சென்னையிலிருந்து அறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அழைக்கப்பட்டார். சோழர் வரலாற்றை எழுதிய பேரறிஞர் அவர். இந்தியப் பண்பாடு முழுவதற்கும் அடிப்படை என்ற எண்ணத்தில் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரும்படி அவர் பரிந்துரைத்தார்.

படிப்பாளிகளின் கண்ணோட்டத்தில் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த இந்தியரில் மிகப் பெரும்பான்மையினர் தமிழர். பள்ளிகளில் கற்பிக்கப்பட்டது தமிழ். பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் அமர்ந்துவிட்டால், தமிழ் ஆறாம் வகுப்போடு முடியும் மொழியாகவே நின்றிருக்கும். தமிழ்ப் பட்டதாரி ஆசிரியரை இந்த மண்ணில் உருவாக்க வழி இருந்திருக்காது. பள்ளிக்கு நல்ல ஆசிரியர் இல்லாவிட்டால் தோட்டப் பிள்ளை எப்படி மேலே வரும்? சாரங்கபாணி கண்ட ஆபத்து இதுதான்.

முரசில் தலையங்கங்கள் வந்தன. சங்கங்கள் கூடின, தீர்மானங்கள் போயின. பல்கலைக்கழகத்தில் தமிழ் வேண்டும் என்ற குரல் இரு நாடுகளிலும் பரவியது. கடைசியில் தமிழுக்கே இடம் கிடைத்தது. 1956இல் இந்தியப் பகுதி தமிழோடு தொடங்கியது.

கேட்டுப் பெற்றதோடு அவர் ஓயவில்லை. பாடம் நடத்த நூல்கள் வேண்டும். நூலகம் இல்லாத தமிழ்ப் பகுதி பெயருக்கு மட்டுமே இருக்கும். 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதியைத் தொடங்கி, தமிழர் ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு வெள்ளி தரும்படி கேட்டார். பணக்காரர் சிலரிடம் பெருந்தொகை வாங்குவது எளிதாக இருந்திருக்கும். அவர் எல்லாரையும் கேட்டார். பால்மரம் வெட்டுபவரின் நாள் கூலியே ஒரு சில வெள்ளிதான். அதில் ஒரு வெள்ளி போனால் வீட்டில் ஏதோ ஒரு செலவு குறைய வேண்டும். அப்படியும் மக்கள் கொடுத்தார்கள். தாம் காலெடுத்து வைக்க முடியாத ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்குத் தொழிலாளர்கள் பணம் தந்தார்கள். அந்தப் பணம் தமிழ் நூல்களானது.

1959இல் இந்தியப் பகுதி கோலாலம்பூருக்கு மாறியது. 1961இல் தனிநாயகம் அடிகளார் அதன் தலைமைக்கு வந்தார். 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. தமிழ் கற்ற பட்டதாரிகள் பள்ளிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் வந்தனர். அவர்களிடம் படித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று மேடையேறி விருது வாங்குகிறார்கள்.

சாரங்கபாணியின் கடைசிக் காலம் சுகமாக இருக்கவில்லை. 1963இல் முரசு ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் பத்திரிகையே நின்றுபோனது. தொழிலாளருக்காகப் பேசிய ஏட்டுக்கே அந்த நிலை வந்தது அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு வேதனை தந்தது. அடுத்த ஆண்டு முரசு மீண்டும் வந்தாலும் பழைய பலம் திரும்பச் சிரமப்பட்டது. வாணிபக் கணக்கில் அவர் பெரிதாக வென்றவர் என்று சொல்ல முடியாது. 1974ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி அவர் மறைந்தார். தமிழர் குடியுரிமை பெற வேண்டும், இந்த மண்ணிலேயே வேர்விட வேண்டும் என்று 1950களில் அவர் விடாமல் எழுதியதும், விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பித்தர ஏற்பாடு செய்ததும் பலருக்கு நினைவில் நின்றன. தமிழவேள் என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இன்று உபகாரச் சம்பளம் என்றால் அரசாங்கம், பல்கலைக்கழகம், அறவாரியம் என்று பல வாசல்கள் உள்ளன. விண்ணப்பம் செய்யத் தெரிந்தால் போதும் என்று நினைக்கும் அளவுக்கு வசதி வந்திருக்கிறது. ஆனால் தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்து ஓரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், தேர்ச்சி இருந்தும் பாரம் நிரப்ப ஆளில்லாமல் கடைசி நாளைத் தவறவிடும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். படித்து மேலே வந்தவர்கள் தம் பழைய பள்ளிக்கு ஒரு மாலை போய், அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பாரத்தை நிரப்பித் தரலாம். சாரங்கபாணி கேட்ட ஒரு வெள்ளியை இந்தக் காலத்தில் அப்படியும் கொடுக்க முடியும்.