இராபர்ட் மாலெட்

இராபர்ட் மாலெட் (ஜூன் 3, 1810 – நவம்பர் 5, 1881) அயர்லாந்தைச் சேர்ந்த பொறியியலாளரும் நிலவியல் அறிஞரும் ஆவார். நிலநடுக்க ஆய்வை அளவீடு சார்ந்த அறிவியலாக மாற்றியவர்களுள் இவர் முன்னோடியாவார். மணலிலும் பாறையிலும் அதிர்வலைகள் செல்லும் வேகத்தை வெடிமருந்தின் துணைகொண்டு அளந்தமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

டப்ளினில் பிறந்த மாலெட், அங்குள்ள டிரினிட்டி கல்லூரியில் பயின்று 1830 இல் பட்டம் பெற்றார். பின்னர் தந்தையாரின் இரும்பு வார்ப்பாலையில் இணைந்தார். 1846 இல் அயர்லாந்து அரச கலைக்கழகத்தில் அளித்த கட்டுரையில், நிலநடுக்கம் என்பது நிலத்தினூடாகப் பரவும் மீள்தன்மை அலை என விளக்கினார்.

அலைவேக அளவீடு

இக்கருத்தைச் சோதிக்க 1849 இல் டப்ளினை அடுத்த கில்லினி கடற்கரையில் வெடிமருந்தைப் புதைத்து வெடிக்கச் செய்தார். ஏறத்தாழ அரை மைல் தொலைவில் வைத்த பாதரசக் கிண்ணத்தின் பரப்பில் தெரியும் பிம்பம் கலையும் கணத்தை நோக்கி, அலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணித்தார். அருகிலுள்ள டால்கியின் கருங்கல் பாறையிலும் இச்சோதனை நடைபெற்றது. அவர் பெற்ற வேகங்கள் (வினாடிக்கு):

* மணல் – 825 அடி (251 மீட்டர்)
* பிளவுகள் கொண்ட கருங்கல் – 1306 அடி (398 மீட்டர்)
* திண்ணிய கருங்கல் – 1665 அடி (507 மீட்டர்)

முடிவுகளும் திருத்தமும்

இவ்வேகங்கள் அவர் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தன. பாறையிலுள்ள பிளவுகளே அலையைத் தாமதப்படுத்துவதாக அவர் கருதினார். பிளவுகள் வேகத்தைக் குறைப்பதும் அலையின் ஆற்றலை நலிவுறச் செய்வதும் உண்மையே. எனினும் திண்ணிய கருங்கல்லில் முதன்மை அலையின் வேகம் வினாடிக்கு 5 முதல் 6 கிலோமீட்டர் ஆகும். முதலில் வரும் மெல்லிய அதிர்வை அவரது கருவி உணராமல், பின்வரும் வலிய அலையையே காட்டியது பிழைக்கு முக்கிய காரணமாகும். 1876 முதல் அமெரிக்கப் படைப் பொறியியலாளர் ஹென்றி அபட் செய்த வெடிப்பு ஆய்வுகளில், உருப்பெருக்கம் மிகுந்த தொலைநோக்கி கூடுதல் வேகத்தைக் காட்டியது.

பிற பணிகள்

1857 டிசம்பரில் தென் இத்தாலியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தை நேரில் ஆராய்ந்து, 1862 இல் இரு தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். மகன் ஜான் வில்லியம் மாலெட்டுடன் இணைந்து உலக நிலநடுக்கங்களின் பட்டியலையும் தொகுத்தார். 1877 இல் வொல்லாஸ்டன் பதக்கம் பெற்றார். இறுதி ஆண்டுகளில் பார்வையை இழந்திருந்த மாலெட் லண்டனில் காலமானார்.

தாக்கம்

வெடிப்பால் அலையை உண்டாக்கி, அதன் பயண நேரத்தை அளக்கும் முறை இன்றும் பயன்படுகிறது. 1994 இல் 9,101 மீட்டர் ஆழத்தை எட்டிய ஜெர்மனியின் கேடிபி ஆழ்துளையில், படிகப் பாறைகளின் அலைவேகம் துளைக்குள் இறக்கிய உணரிகளால் அளக்கப்பட்டது. மாலெட்டின் எண்கள் கைவிடப்பட்டன. அவரது முறை நிலைத்தது.