ஹென்றி மோஸ்லி

ஹென்றி க்வின் ஜெஃப்ரிஸ் மோஸ்லி (நவம்பர் 23, 1887 – ஆகஸ்ட் 10, 1915) ஓர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஆவார். தனிம அட்டவணையில் ஒரு தனிமம் பெறும் வரிசை எண், அதன் அணுக்கருவில் உள்ள நேர்மின்னூட்டத்தின் அளவே என்பதை எக்ஸ்-கதிர் ஆய்வுகளின் வழியாக நிறுவியவர். இவ்வுண்மை மோஸ்லியின் விதி என்னும் பெயரால் அறியப்படுகிறது. அட்டவணையைப் பார்த்து ஓர் அணுவில் எத்தனை நேர்மின்னிகள் (புரோத்தன்கள்) உள்ளன என்று கூற இயல்வதற்கு இவ்விதியே அடிப்படை. முதல் உலகப்போரில் கலிப்போலிப் போர்முனையில் தமது 27 ஆம் அகவையில் உயிரிழந்தார்.

வாழ்க்கைச் சுருக்கம்

மோஸ்லி இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் உள்ள வேமத் என்னும் கடற்கரை நகரில் பிறந்தார். தந்தை ஹென்றி நாட்டிட்ஜ் மோஸ்லி உயிரியலாளர். சேலஞ்சர் என்னும் புகழ்பெற்ற கடலாய்வுப் பயணத்தில் பங்கு கொண்டவர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தவர். தாய்வழிப் பாட்டனார் ஜான் க்வின் ஜெஃப்ரிஸ் சிப்பியினங்களை ஆராய்ந்த அறிஞர். மோஸ்லி சிறுவனாக இருந்தபோதே 1891 இல் தந்தை காலமானார்.

உதவித்தொகை பெற்று ஈட்டன் பள்ளியில் பயின்ற மோஸ்லி, 1906 இல் ஆக்ஸ்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து 1910 இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டின் கீழ்ப் பணியில் அமர்ந்தார். தொடக்கத்தில் கதிரியக்கத்தை ஆராய்ந்தார். படிகங்களால் எக்ஸ்-கதிர்கள் சிதறி ஒழுங்கான கோலங்களை உண்டாக்கும் என்பது 1912 இல் செருமனியில் கண்டறியப்பட்டதும், சார்லஸ் கால்ட்டன் டார்வினுடன் இணைந்து எக்ஸ்-கதிர் ஆய்வில் இறங்கினார். இந்த டார்வின், படிவளர்ச்சிக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வினின் பேரன் ஆவார்.

ஆய்வின் பின்னணி

அக்காலத்தில் தனிமங்கள் பெரும்பாலும் அணு எடையின் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டன. அணு எண் என்பது வரிசையில் எத்தனையாவது இடம் என்பதை மட்டுமே குறித்தது. இவ்வடுக்கில் சில முரண்கள் இருந்தன. கோபால்ட்டின் அணு எடை 58.93, நிக்கலின் அணு எடை 58.69. எடையின்படி நிக்கல் முன்னே வர வேண்டும். வேதிப் பண்புகளின்படியோ கோபால்ட்டே முன்னே வர வேண்டும். டெலூரியம்–அயோடின், ஆர்கான்–பொட்டாசியம் ஆகிய இணைகளிலும் இதே சிக்கல் இருந்தது.

1911 இல் ரதர்ஃபோர்டு அணுக்கருவைப் பற்றிய தமது முடிவை வெளியிட்டார். டச்சு நாட்டைச் சேர்ந்த வான் டென் புரூக், வரிசை எண்ணும் அணுக்கருவின் மின்னூட்டமும் ஒன்றே எனக் கருத்துரைத்தார். ஆனால் அதற்குச் செய்முறைச் சான்று இல்லை. அச்சான்றைத் தேடுவதே மோஸ்லியின் நோக்கமாயிற்று.

மோஸ்லியின் விதி

ஒரு தனிமத்தின் மீது விரைவான எதிர்மின்னிகள் (இலத்திரன்கள்) மோதும்போது, அத்தனிமத்துக்கே உரிய எக்ஸ்-கதிர்கள் வெளிப்படும். மோஸ்லி, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயினுள் சிறு தண்டவாளம் அமைத்து, அதன் மேல் ஒரு வண்டியில் பல தனிமங்களின் மாதிரிகளை வரிசையாக வைத்தார். பட்டு நூலால் வண்டியை இழுத்து ஒவ்வொரு மாதிரியாக எதிர்மின்னிக் கற்றையின் முன் நிறுத்தினார். வெளிப்பட்ட கதிர்களைப் படிகத்தால் பிரித்து ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்தார்.

கால்சியம் முதல் துத்தநாகம் வரையிலான முடிவுகள் 1913 இலும், அலுமினியம் முதல் தங்கம் வரை விரிந்த முடிவுகள் 1914 இலும் வெளியாயின. இரண்டாம் பகுதி ஆய்வை அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பிய பின் செய்தார். ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குச் செல்லும்போது, எக்ஸ்-கதிரின் அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒரே அளவில் உயர்ந்தது. மிக வலிய வரிகளைப் பொறுத்தவரை, அவ்வர்க்கமூலம் அணு எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்ணுக்கு நேர் விகிதத்தில் இருந்தது. அணு எடை இவ்வாறு சீராக உயர்வதில்லை. எனவே தனிமத்தின் அடையாளம் எடையன்று, அணுக்கருவின் மின்னூட்டமே என்பது உறுதியாயிற்று. கோபால்ட்டு 27, நிக்கல் 28 என்னும் வரிசையும் ஐயமின்றி நிலைபெற்றது.

விடுபட்ட தனிமங்கள்

படிகள் சீராக அமைந்ததால் இடையே உள்ள வெற்றிடங்களும் புலப்பட்டன. 43, 61, 75 ஆகிய எண்களுக்குரிய தனிமங்கள் இன்னும் கண்டறியப்படவில்லை என மோஸ்லி காட்டினார். பிரெஞ்சு வேதியியலாளர் ஜார்ஜ் உர்பேன், தாம் கண்டறிந்ததாகக் கருதிய செல்ட்டியம் என்னும் தனிமத்தின் மாதிரியை 1914 இல் அவரிடம் கொண்டுவந்தார். ஆய்வில் அதில் புதுத் தனிமம் எதுவும் தென்படவில்லை. 72 ஆம் இடமும் வெற்றிடமே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

* 72 – ஹாஃப்னியம் (1923)
* 75 – ரேனியம் (1925)
* 43 – டெக்னீசியம் (1937)
* 61 – புரோமீத்தியம் (1945)

அணுத்துகள்களைக் கணக்கிடல்

அணு எண்ணே நேர்மின்னிகளின் எண்ணிக்கை. மின்னூட்டமற்ற அணுவில் எதிர்மின்னிகளும் அதே எண்ணிக்கையில் இருக்கும்; மின்னணுவாக (அயனியாக) மாறும்போது எதிர்மின்னிகள் மட்டும் கூடும் அல்லது குறையும். 1932 இல் ஜேம்ஸ் சாட்விக் நொதுமியை (நியூத்திரனை) கண்டறிந்த பின் கணக்கு முழுமை பெற்றது. நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நொதுமிகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

இயற்கையில் கிடைக்கும் கோபால்ட்டின் நிறை எண் 59. அதில் 27 நேர்மின்னிகளும் 32 நொதுமிகளும் உள்ளன. நிக்கலில் மிகுதியாகக் காணப்படும் ஓரிடத்தானின் நிறை எண் 58. அதில் 28 நேர்மின்னிகளும் 30 நொதுமிகளும் உள்ளன. நேர்மின்னி ஒன்று கூடியும் நொதுமி இரண்டு குறைவதால் நிக்கலின் எடை குறைகிறது. மோஸ்லியின் காலத்து முரணுக்கு விடை இதுவே.

அட்டவணையில் தரப்படும் அணு எடை, ஓரிடத்தான்களின் சராசரி ஆகும். அதை முழு எண்ணாக்கி நிறை எண்ணாகக் கொள்வது எப்போதும் பொருந்தாது. நிக்கலின் 58.69 ஐ 59 எனக் கொண்டால் 31 நொதுமிகள் என விடை வரும். இயற்கை நிக்கலில் அத்தகைய அணு அநேகமாக இல்லை.

போரும் மறைவும்

1914 இல் அறிவியல் மாநாடு ஒன்றிற்காக மோஸ்லி ஆஸ்திரேலியா சென்றிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. நாடு திரும்பி, தாமாகவே முன்வந்து அரச பொறியாளர் படையில் சேர்ந்தார். செய்தித் தொடர்பு அதிகாரியாகத் துருக்கியின் கலிப்போலிக்கு அனுப்பப்பட்டார். 1915 ஆகஸ்ட் 10 அன்று தொலைபேசியில் கட்டளை ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தபோது தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். தமது உடைமைகளை அறிவியல் ஆய்வுக்கென அரச கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார்.

இத்தகைய ஆய்வாளரைப் போர்முனைக்கு அனுப்பியதை ரதர்ஃபோர்டு வெளிப்படையாகக் குறை கூறினார். 1915 ஆம் ஆண்டின் நோபல் பரிசுக்கு மோஸ்லியின் பெயர் முன்மொழியப்பட்டிருந்தது. இறந்தோருக்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை. எக்ஸ்-கதிர் நிறமாலை ஆய்வுக்காக 1924 ஆம் ஆண்டின் பரிசைப் பெற்ற சுவீடனின் மன்னே சீக்பான், மோஸ்லி தொடங்கிய துறையையே வளர்த்தெடுத்தவர் ஆவார்.