அயனிகளைக் கண்டு சொன்னவர்

ஒரே செறிவுடைய இரண்டு அமிலக் கரைசல்கள் இரு குடுவைகளில் உள்ளன. ஒன்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம்; மற்றொன்றில் வினிகருக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலம். இரண்டிலும் துத்தநாகத் துண்டுகளை இட்டால், முதல் குடுவையில் குமிழிகள் விரைந்து எழும். இரண்டாவதில் மெல்லவே எழும். அளவு ஒன்றாயிருந்தும் வலிமை வேறுபடுவது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண வழி வகுத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ்.

அவர் 1859ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் உப்சாலா நகருக்கு அருகில் பிறந்தார். தந்தையார் நில அளவையாளர். அர்ஹீனியஸ் மூன்று வயதிலேயே தாமாகப் படிக்கக் கற்றுக்கொண்டார். கணக்கில் பெருவிருப்பம் கொண்டார். உப்சாலா பல்கலைக்கழகத்தில் பயின்றபின், 1881இல் ஸ்டாக்ஹோம் சென்று ஆய்வில் ஈடுபட்டார்.

மிகவும் நீர்த்த கரைசல்கள் மின்சாரத்தை எவ்வாறு கடத்துகின்றன என்பதை அவர் அளந்தார். நீர் சேரச் சேர, கரைந்த பொருளில் மின்சாரத்தைக் கடத்தும் பகுதியின் விகிதம் கூடுவதைக் கண்டார். இம்முடிவுகளை 1884இல் முனைவர் பட்ட ஆய்வேடாக உப்சாலாவில் அளித்தார். பேராசிரியர்கள் அதனை ஏற்கத் தயங்கினர். பட்டம் கிடைத்தது; ஆனால், பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்குப் போதாத குறைந்த தரமே வழங்கப்பட்டது. இருபத்தைந்து வயது இளைஞரின் எதிர்காலம் இருண்டது போலாயிற்று.

அர்ஹீனியஸ் சோர்ந்துவிடவில்லை. ஆய்வேட்டின் படிகளைப் பிறநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ரீகா நகரில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஆஸ்வால்ட் அதன் அருமையை உணர்ந்து, உப்சாலாவிற்கே நேரில் வந்து தம்முடன் பணியாற்ற அழைத்தார். தந்தையார் நோயுற்றிருந்தமையால் அர்ஹீனியஸ் உடனே செல்ல இயலவில்லை. எனினும், அந்த மதிப்பு உள்ளூரிலேயே அவருக்கு ஆசிரியர் பணியைப் பெற்றுத் தந்தது.

1887இல் அவர் தம் கொள்கையைத் தெளிவாக வெளியிட்டார். உப்பும் அமிலமும் நீரில் கரையும்போதே மின்னூட்டம் பெற்ற அயனிகளாகப் பிரிகின்றன. வலிமை மிக்க அமிலம் ஏறத்தாழ முழுவதும் பிரியும். வலிமை குறைந்த அமிலம் சிறிதளவே பிரியும் என்றார். அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனி, நீர் மூலக்கூறுடன் இணைந்து ஹைட்ரோனியம் அயனியாக நிற்கிறது என்பதைப் பின்வந்தோர் விளக்கினர்.

இக்கொள்கையைக் கொண்டு ஆஸ்வால்ட் 1888இல் நீர்த்தல் விதியை வகுத்தார். அதன் வழியே, பிரிந்த அளவைக் கணக்கிடலாம். ஒரு லிட்டர் கரைசலில் 0.1 மோல் அசிட்டிக் அமிலம் உள்ளதாகக் கொள்க. 25 பாகை செல்சியஸில் அதன் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. பிரிந்த அயனிகள் இரண்டும் சம அளவில் இருப்பதாலும், அமிலத்தின் பெரும்பகுதி பிரியாமல் நிற்பதாலும், செறிவையும் மாறிலியையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் போதும். பெருக்குத்தொகை 1.8 × 10⁻⁶. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.34 × 10⁻³. இதுவே லிட்டருக்கு மோல் அளவில் ஹைட்ரோனியம் அயனியின் செறிவு. ஆயிரம் அமில மூலக்கூறுகளில் ஏறத்தாழ 13 மட்டுமே பிரிந்துள்ளன! இக்கரைசலைப் பத்து மடங்கு நீர்த்தால், அயனியின் செறிவு ஏறத்தாழ 4.2 × 10⁻⁴ எனக் குறையும். ஆனால், ஆயிரத்தில் ஏறத்தாழ 42 மூலக்கூறுகள் பிரிந்திருக்கும். இளம் அர்ஹீனியஸ் மின்சாரத்தால் அளந்தறிந்த உண்மை இதுவே.

குறைந்த தரம் பெற்ற ஆய்வேட்டில் முளைத்த அக்கொள்கைக்காக, 1903இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் சுவீடன் நாட்டவர் அவரே. 1927 அக்டோபர் 2ஆம் நாள் அவர் மறைந்தார். பிறர் இட்ட தரம் குறைவாக இருந்தது. அவர் அளந்த அளவோ பிழையின்றி நின்றது.

சொற்பொருள்
செறிவு – குறித்த அளவு கரைசலில் கரைந்துள்ள பொருளின் அளவு
நீர்த்தல் – நீர் சேர்த்துச் செறிவைக் குறைத்தல்
படி – நகல்

வினாக்கள்
1. அர்ஹீனியஸின் ஆய்வேட்டிற்குக் குறைந்த தரம் கிடைத்தபின் அவர் செய்தது யாது?
2. லிட்டருக்கு 0.2 மோல் அசிட்டிக் அமிலம் உள்ள கரைசலில் ஹைட்ரோனியம் அயனியின் செறிவைக் கணக்கிடுக.